மூன்றாம் கம்பெனி ஓடவில்லை

மார்ச் 4

தம்பிக்கு,

அக்கா எழுதறது. நானும் உன் மருமகளும் நல்லபடியா வீடு வந்து சேர்ந்தோம். என் முழங்கால் வழக்கம்போலத்தான். உன் வயித்துப்புண் எப்படி இருக்கு, மாத்திரையை நேரத்துக்குப் போடறியா? கேட்க வேண்டியதைக் கேட்டாச்சு. இனி நான் எழுதறதை உட்கார்ந்து படி.

வா வான்னு நீதான் கூப்பிட்டே. "எங்க ராணுவப் பயிற்சிக் கல்லூரியில வருஷா வருஷம் சூளைச் சண்டையை மேஜை மேல செஞ்ச தரை மாதிரியில நடத்திக் காட்டறோம், இந்தத் தடவை சண்டையில இருந்தவங்க குடும்பத்துக்கு முன்வரிசை"ன்னு எழுதினே. வார்டை இன்னொரு நர்ஸ் தலையில கட்டிட்டு, பொண்ணையும் லேபுக்கு லீவு போட வெச்சு, பஸ்ல இடுப்பொடிய வந்தோம். எதுக்கு? என் புருஷன் இருந்த படைப்பிரிவை, அந்த மூணாம் கம்பெனியை, ஒரு மீசை முளைக்காத பய விரலால சுண்டிக் கவிழ்க்கறதைப் பார்க்கவா?

மாதிரியை நல்லாத்தான் செஞ்சிருக்கே, இல்லைன்னு சொல்லலை. ஆறு, கால்வாய், தோப்பு, செங்கல் சூளை, அதுக்குச் சின்னதா ஒரு புகைபோக்கி. நம்ம ஆளுங்களுக்கு நீலக் கட்டை, எதிரிக்குச் சிவப்புக் கட்டை. கட்டை மேல கம்பெனி நம்பர். மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நீ விளக்கினே. உத்தரவுப்படி நகர்ந்தா கட்டையைக் கம்பால தள்ளுவாங்களாம். பயந்து கலைஞ்சு ஓடினா கட்டையைக் கவிழ்த்து, எடுத்துப் பெட்டியில போட்டுடுவாங்களாம். அப்புறம் "மதியம் மூன்றாம் கம்பெனி சிதறி ஓடியது"ன்னு சொன்னே. குரல் கூட மாறலை உனக்கு. அந்தப் பய கட்டையைச் சுண்டினான். பின்னாடி வரிசையில ரெண்டு பேர் சிரிச்சாங்க. நான் திரும்பிப் பார்த்தேன், அடங்கிட்டாங்க. உன் மருமகள் திரும்பிக்கூடப் பார்க்கலை.

ஆகஸ்ட்ல புதுக் காட்சிக்கூடம் திறக்கப்போறாங்க, அங்கே எல்லாக் கட்டையையும், கவிழ்ந்ததைக் கவிழ்ந்தபடியே, பசை போட்டு நிரந்தரமா ஒட்டிடுவோம்னு பெருமையா வேற சொன்னே. அப்போ அந்தக் கட்டை காலத்துக்கும் குப்புறக் கிடக்கும். ஸ்கூல் பிள்ளைங்க வரிசையா வந்து பார்த்துட்டுப் போகும். அதை மாத்து. கெஞ்சலை, சொல்றேன். மாத்து.

உடம்பைப் பார்த்துக்கோ.

அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் வயிறு பரவாயில்லை. காரத்தை நிறுத்தச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். உன் முழங்காலுக்கு எண்ணெய் தடவுவதை நிறுத்திவிட்டு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார். ஆஸ்பத்திரியிலேயே இருந்துகொண்டு இப்படி வைத்தியம் பார்க்காமல் இருப்பது நீ ஒருத்திதான்.

உன் மனம் புண்பட்டது எனக்குப் புரிகிறது. ஆனால் கொஞ்சம் நிதானமாக யோசி. அது ஒரு மரக்கட்டை. அதில் அத்தானின் பெயர் இல்லை. அங்கே நடப்பது படை நகர்வைப் பற்றிய பாடம், யாரையும் குற்றம் சொல்லும் பஞ்சாயத்து அல்ல. அதிகாரபூர்வ வரலாறு என்ன சொல்கிறதோ அதைத்தான் நான் சொல்ல முடியும். அதை எழுதியது நான் இல்லை. மாற்றுவதும் என் கையில் இல்லை, குழு இருக்கிறது.

ஒரு படை பின்னால் வந்தால் அது பயமா, உத்தரவா என்பது போரியலில் ஆயிரம் வருஷத் தலைவலி. ஹேஸ்டிங்ஸ் சண்டையில் நார்மன் குதிரைவீரர்கள் திரும்பி ஓடினார்கள், துரத்தி வந்தவர்கள் மலைமேல் இருந்த பலமான இடத்தை விட்டு இறங்கி மாட்டிக்கொண்டார்கள். அந்த ஓட்டம் நிஜமா, நடிப்பா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றைக்கும் அடித்துக்கொள்கிறார்கள். ஆயிரம் வருஷத்தில் முடியாத வழக்கை நானும் நீயும் கடிதத்தில் முடிக்க முடியுமா?

சூளைச் சண்டையைப் பற்றி நான் எழுதிய புத்தகம் அச்சாகி வந்துவிட்டது. ஒரு பிரதி தனியாக அனுப்பியிருக்கிறேன். மருமகளிடம் சொல், தபாலில் நாங்கள் ஆடும் சதுரங்கத்தில் என் அடுத்த நகர்வு: குதிரை, ராணிக்கு முன்னால்.

உன் தம்பி

மார்ச் 25

தம்பிக்கு,

நலம். நலம் அறிய ஆவல். போதுமா?

மரக்கட்டையாம். சண்டை முடிஞ்ச நாள்ல இருந்து பத்தொம்பது வருஷமா அந்த மரக்கட்டையோடதான் நான் குடித்தனம் பண்றேன். உனக்குத் தெரியாத கதையா? வயித்துல பிள்ளையோட வீடு தேடி அலைஞ்சேன். "மூணாம் கம்பெனியா?"ன்னு கேட்டுட்டு வீடு வேற ஒருத்தருக்குப் பேசியாச்சுன்னுவாங்க. அதே சண்டையில செத்த மத்தவங்க பொண்டாட்டிகளுக்கு மேடையில மாலை, மரியாதை. எனக்கு வாசல்ல நின்னு பார்க்கக்கூட அழைப்பு வராது. இவ ஸ்கூல்ல விளையாட்டு நாள் அன்னிக்கு ஓட்டப் பந்தயத்துல ஜெயிச்சுட்டு வந்தா. பக்கத்துல நின்ன ஒரு அம்மா, "ரத்தத்துல வந்தது"ன்னு சொல்லிச்சு. ஏழு வயசு இவளுக்கு. "அம்மா, நல்லதுதானே சொல்றாங்க"ன்னு என்னைக் கேட்டா. அந்த வருஷத்தோட ஓடறதையே நிறுத்திட்டா.

அந்த மனுஷன் ஓடற ஆளா? பஸ்ஸு கிளம்பினாக்கூட ஓட மாட்டார். அடுத்தது வரும், ஏன் பறக்கறேன்னு நின்னுடுவார். கல்யாணத்துக்கு முன்னாடி உன்கூட நம்ம வீட்டுக்கு வந்தப்போ, நாய் துரத்தி நீ வேலி தாண்டிக் குதிச்சே. அவர் நின்ன இடத்துலயே நின்னு நாய்கூடப் பேசிட்டு இருந்தார். அதைப் பார்த்துத்தான் நான் சரின்னே சொன்னேன். நீதானே கூட்டிட்டு வந்தே, "எங்க படையிலயே நிதானமான ஆள், மூணாம் கம்பெனி களத்துல இருந்து பேசற போனை இவர்கிட்டத்தான் குடுத்திருக்காங்க"ன்னு?

நீயும் அதே சண்டையில இருந்தவன். தளபதி பக்கத்துல மேப் மேஜையில நின்னவன். கெஸட்ல என்ன போட்டிருக்குன்னு எனக்குத் தெரியும். நீ என்ன பார்த்தேன்னு கேட்கறேன்.

இவ உன் குதிரையை வெட்டிட்டாளாம். சொல்லச் சொன்னா.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். தேர்வுத்தாள்கள் குவிந்துவிட்டன. இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. அங்கே எப்படி? தண்ணீர் நிறையக் குடி. நைட் டியூட்டியைக் குறைக்கச் சொல்லி எத்தனை முறை சொல்வது?

மருமகள் குதிரையை வெட்டியது நல்ல நகர்வு. ஆனால் அந்தக் குதிரையை நான் வேண்டுமென்றே விட்டேன் என்று சொல். ஆஸ்டர்லிட்ஸில் நெப்போலியன் தன் வலது பக்கத்தை வேண்டுமென்றே பலவீனமாகக் காட்டினான். எதிரி அதை நோக்கி இறங்கி வந்தான், நடுவில் இருந்த மேடு காலியானது, நெப்போலியன் மேட்டைப் பிடித்தான். விட்டுக்கொடுப்பதும் ஒரு தாக்குதல்தான். இப்போது என் மந்திரியைப் பார்க்கச் சொல்.

காட்சிக்கூட வேலைகள் மும்முரமாக நடக்கின்றன. திறப்பு விழாவுக்குத் தளபதியே வர ஒப்புக்கொண்டிருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, ஆனாலும் நிமிர்ந்துதான் நடக்கிறார். எல்லாம் பெரியவர்கள் பார்த்துச் செய்கிற காரியம். என் நிலைமையையும் நீ கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

முழங்காலுக்குப் படம் எடுத்தாயா?

உன் தம்பி

மே 2

தம்பிக்கு,

முழங்கால் இருக்கு. நானும் இருக்கேன்.

உன் புத்தகத்தை முழுசாப் படிச்சேன். முதல்ல கோபத்துல தூக்கிப் பரண்ல போட்டேன். அப்புறம் என்னதான் எழுதியிருக்கான் பார்ப்போம்னு எடுத்தேன். நல்லா எழுதியிருக்கே. தளபதியைத் தூக்கித் தூக்கி வானத்துல வெச்சிருக்கே. அங்கேதான் மாட்டிக்கிட்டே.

நாலாவது அத்தியாயத்துல என்ன சொல்றே? "தளபதியின் தீர்க்கதரிசனம்"னு தலைப்பு. சண்டைக்கு முந்தின ராத்திரியே பீரங்கிகளைத் தோப்புக்குள்ள கொண்டுபோய் மறைச்சு வெச்சாராம். வாயை ஆத்துப்பக்கம் வைக்காம, சூளைப்பக்கம் திருப்பி வெச்சாராம். ஏன் அப்படின்னு அப்போ யாருக்கும் புரியலையாம். ஏழாவது அத்தியாயத்துல என்ன சொல்றே? மறுநாள் மதியம் மூணாம் கம்பெனி யாரும் எதிர்பார்க்காத விதமா ஓடிச்சாம். எதிரி துரத்திட்டு நேரா சூளைக்குள்ள வந்தானாம். அங்கே பீரங்கி தயாரா இருந்துச்சாம். சண்டை ஜெயிச்சுதாம்.

யார் காதுல பூ சுத்தறே? சூளை நம்ம எல்லைக்குள்ள இருந்த இடம். மூணாம் கம்பெனி அதுக்கு முன்னாடி நின்னுச்சு. அவங்க பின்னால வந்தாத்தான் எதிரி சூளைக்கு வருவான். மதியம் ஓடப்போறாங்கன்னு முந்தின ராத்திரியே அந்த மனுஷனுக்கு எப்படித் தெரியும்? ஜோசியம் பார்த்தாரா? தெரிஞ்சிருந்தா ஒரே வழிதான். வரச் சொன்னதே அவர்தான். இது உத்தரவு. நீ ஹேஸ்டிங்ஸ் ஹேஸ்டிங்ஸ்னு மழுப்பினியே, அதேதான்.

உன் தளபதியைப் பெரிய மூளைக்காரர்னு காட்டற ஆசையில நீயே கொட்டி வெச்சுட்டே. இத்தனை பேர் படிச்சுப் பாராட்டினாங்களாமே, ஒருத்தருக்குக்கூடவா இது உறைக்கலை? எல்லாருக்கும் அவர் ஜெயிச்சது போதும். யார் புருஷன் எப்படிப் போனா என்ன.

இப்போ நேரா கேட்கறேன். நீ மேஜை பக்கத்துல நின்னே. உத்தரவு இருந்துச்சா இல்லையா?

அக்கா

மே 30

தம்பிக்கு,

நலமாத்தான் இருப்பே. இல்லைன்னா கல்லூரியில இருந்து தந்தி வந்திருக்கும்.

ஒரு மாசம் ஆகப்போகுது. கிணத்துல போட்ட கல்லா கிடக்கு என் கடிதம். மருமகளுக்கு மட்டும் மந்திரியை நகர்த்தி ஒரு கார்டு வந்துச்சு. "அம்மா எப்படி இருக்காங்க"ன்னு கடைசியில ஒரு வரி. அவளுக்கு ஒண்ணுமே புரியலை. மாமாவுக்கு என்ன ஆச்சுன்னு என்கிட்ட கேட்கறா. அவளுக்கு நீன்னா உசிரு. அது உனக்கு நல்லாவே தெரியும், அதனாலதான் அவ பின்னாடி போய் ஒளிஞ்சுக்கறே.

அவளுக்குப் பிறந்தநாளுக்குக் குடுத்தியே பழைய சண்டைகளைப் பத்தி ஒரு புத்தகம், அதை இப்போ நானும் படிக்கறேன். கன்னேல ஹானிபால் பண்ணினதும் இதேதான். நடுவுல நின்ன ஆளுங்களைக் கொஞ்சம் கொஞ்சமா பின்னால வர வெச்சு, ரோமானியப் படையை உள்ளே இழுத்து, ரெண்டு பக்கத்துல இருந்தும் மூடினான். சரி. ஆனா ஹானிபால் எங்கே நின்னான்? பின்வாங்கப்போற அந்த நடு வரிசையில, அந்த ஆளுங்களோட, தம்பியையும் கூட வெச்சுக்கிட்டு நின்னான். உன் தளபதி எங்கே நின்னார்? நீ எங்கே நின்னே?

இன்னும் பதினஞ்சு நாள் பார்ப்பேன். பதில் வரலைன்னா தளபதிக்கே நேரா எழுதிக் கேட்கப்போறேன். விலாசம் உன் புத்தகத்தோட முன்னுரையில இருக்கு.

அக்கா

ஜூன் 4

அக்கா,

நலம். உன் கடிதம் இன்று காலை வந்தது, உடனே எழுதுகிறேன். தயவுசெய்து தளபதிக்கு எழுதாதே.

ஆம். உத்தரவு இருந்தது. வாய்மொழி உத்தரவு. எதிரி நம்ப வேண்டும் என்பதற்காக மற்ற கம்பெனிகளுக்குக்கூடச் சொல்லவில்லை. மூன்றாம் கம்பெனியில் அதன் தலைவருக்கும் போன் வைத்திருந்த அத்தானுக்கும் மட்டும் தெரியும், இருவருமே திரும்பி வரவில்லை; மேஜையில் இருந்த எங்களுக்குத் தெரியும். சண்டைக்குப் பிறகு அறிக்கை எழுதியபோது "ஓடியது" என்று எழுதிவிட்டார்கள். நான் அப்போது சின்னப் பயல், என்ன பேச முடியும்? பிறகு அதுவே வரலாறாகிவிட்டது.

நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இனி இதை என்னிடம் விடு. குழுவில் பேசுகிறேன். கட்டையை நிமிர்த்த ஏதாவது வழி பார்க்கிறேன். நீ மட்டும் அவருக்கு எழுதாதே. வயதானவர், பழைய விஷயங்களைக் கிளறினால் உடம்புக்கு ஆகாது.

உன் தம்பி

ஜூன் 9

தம்பிக்கு,

நல்லா இருக்கியான்னு கேட்க இன்னிக்கு வாய் வரலை.

ஒரு மாசமா கிடைக்காத பதில், தளபதி பேரைச் சொன்னதும் பறந்து வருது. உனக்குத் தெரிஞ்சிருக்கு. பத்தொம்பது வருஷமாத் தெரிஞ்சிருக்கு. என் வீட்டுக்கு வருவே, நான் சோறு போடுவேன், சாப்பிட்டுக்கிட்டே "அத்தான் மாதிரி யாரும் வராது"ன்னு கண்ணைத் துடைப்பே. இவ அழுதுக்கிட்டு ஸ்கூல்ல இருந்து வந்தப்போ மடியில வெச்சு சமாதானம் சொன்னியே, அப்போ தெரியும் உனக்கு. நான் வீடு வீடா அலைஞ்சப்போ தெரியும். மைக்கைப் பிடிச்சு "சிதறி ஓடியது"ன்னு சொன்னப்போ தெரியும், எதிர்ல நான் உட்கார்ந்திருந்தேன்.

சின்னப் பயலாம். அப்போ சின்னப் பயல், சரி. அப்புறம் வளரவே இல்லையா? வாத்தியாராகி, புத்தகம் எழுதி, மாலை வாங்கி, இன்னும் சின்னப் பயலா?

என் வயிறு எரியுதுடா. வேற ஒருத்தன்னா காறித் துப்பிட்டு மறந்திருப்பேன். நீ என் கூடப் பிறந்தவன்.

தளபதிக்கு எழுதாதேன்னு நீ எழுதின கடிதம் வர்றதுக்குள்ள அவருக்கு எழுதிப் போட்டுட்டேன். பதினஞ்சு நாள் பொறுப்பேன்னு சொன்னது உண்மைதான். பொறுக்க முடியலை.

அக்கா

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் மருமகளும் நலம் என நம்புகிறேன். எனக்கு வயிற்றுவலி மறுபடி வந்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். இப்போது தேவலை.

நல்ல செய்தி. உன் கடிதத்தைத் தளபதி குழுவுக்கே அனுப்பி வைத்துவிட்டார். கோபப்படவே இல்லை. "ஆமாம், அது என் உத்தரவுதான், திட்டமிட்ட பின்வாங்கல், அப்படியே போடுங்கள்" என்று தன் கைப்பட எழுதியிருக்கிறார். குழுவில் ஒரே உற்சாகம். உலகப் புகழ்பெற்ற பின்வாங்கல் தந்திரங்களின் வரிசையில் நம் சூளைச் சண்டையும் சேர்கிறது. என் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் ஒரு முழு அத்தியாயம் புதிதாக வரும். மூன்றாம் கம்பெனியின் கட்டை கால்வாய்க்கு இந்தப் பக்கம், பத்திரமாகப் பின்வாங்கி முடித்த இடத்தில், நிமிர்ந்து நிற்கும். கடைசியாக ஒட்டப்போகும் கட்டை அதுதான். அதை ஒட்டப்போவது நீ. நான்தான் கேட்டு வாங்கினேன்.

அக்கா, நீ கேட்டது கிடைத்துவிட்டது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். விழாவில் தளபதியிடம் அதிகம் பேச வேண்டாம். காது சரியாகக் கேட்காது, நினைவும் முன்னைப்போல இல்லை. சாக்குக்கட்டியால் குறி போட்டு வைத்திருப்பேன், கட்டையை அதில் வைத்துவிட்டு இறங்கி வந்துவிடு.

உன் தம்பி

ஜூலை 17

தம்பிக்கு,

வருவோம். காரம் தின்னாதே.

சந்தோஷம்தான். ராத்திரி இவகிட்ட சொன்னேன், ரெண்டு பேரும் அழுதோம். ஆனா எனக்கு இன்னும் ஒண்ணு இடிக்குது. ஓடும்போது எதிரி துரத்தி வெட்டினான், அதனாலதான் மூணாம் கம்பெனியில பாதிப் பேருக்கு மேல சூளையிலயே செத்தாங்கன்னு உன் புத்தகத்துல இருக்கு. இப்போதான் ஓடலைன்னு ஆயிடுச்சே. திட்டம் போட்டு ஒழுங்கா பின்னால வந்தவங்க, பத்திரமா கால்வாய்க்கு வந்துட்டதாக் கட்டையை ஒட்டப்போறீங்க. அப்போ அவர் எப்படிச் சூளையில செத்தார்?

இதுக்குப் பதில் எழுது.

அக்கா

ஆகஸ்ட் 21

தம்பிக்கு,

அந்தக் கேள்விக்கு நீ பதில் எழுதலை. விழாவில கேட்டுக்கலாம்னு வந்தேன். உன்னைக் கேட்க வேண்டிய வேலையே இல்லாமப் போச்சு. என்ன நடந்துச்சுன்னு எழுதறேன், ஏன்னா நீ மேடையில மைக் ஒயரைச் சரி பண்ற மாதிரி குனிஞ்சுக்கிட்டே இருந்தே, பாதி உன் காதுல விழுந்திருக்காது.

முன்வரிசையில என்னைத் தளபதிக்குப் பக்கத்துல உட்கார வெச்சாங்க. நீ வந்து நாற்காலியை மாத்தப் பார்த்தே, நான் எழுந்திருக்கலை. அவருக்குக் காது கேட்காதுன்னு எழுதினே. நான் முப்பது வருஷமா கிழவங்க காதுல பேசற நர்ஸ். வலது காது நல்லாவே கேட்குது. நினைவும் நல்லாவே இருக்கு.

என்னை யாருன்னு சொன்னேன். எழுந்து நிக்கப் பார்த்தார், உட்காருங்கன்னேன். என் புருஷன் எப்படிச் செத்தார்னு கேட்டேன். கைத்தடியை நாற்காலியில சாய்ச்சு வெச்சார். அப்புறம் மழுப்பாம சொன்னார்.

மூணாம் கம்பெனி சூளையைத் தாண்டி கால்வாய்க்கு வந்ததும் போன் பண்ணணும். போன் வந்தப்புறம்தான் மேப் மேஜையில அவங்க கட்டையை நகர்த்தணும். எல்லாக் கம்பெனிக்கும் அதான் விதியாம். தளபதி இருந்த இடத்துல இருந்து சண்டை கண்ணுக்குத் தெரியாது, மேஜையைத்தான் பார்ப்பார்.

"பார்த்தேம்மா. கட்டை கால்வாய்க்கு இந்தப் பக்கம் இருந்துச்சு. சூளையில நம்ம ஆளுங்க இல்லைன்னு நினைச்சுப் பீரங்கியைச் சுடச் சொன்னேன்."

போன் வந்துச்சான்னு கேட்டேன்.

"வரலை. அன்னிக்கு ராத்திரிதான் தெரிஞ்சுது. மேஜையில நின்ன பையனைக் கேட்டேன். திட்டத்துல போட்ட நேரம் ஆயிடுச்சு, வந்திருப்பாங்கன்னு நகர்த்திட்டேன்னு சொன்னான்."

அந்தப் பையன் யாருன்னு நான் கேட்கலை. அவரும் சொல்லலை. மேடையைப் பார்த்தார், அவ்வளவுதான்.

அப்போ ஏன் ஓடினாங்கன்னு எழுதினீங்கன்னு கேட்டேன். ஜெயிச்ச சண்டையில சொந்தப் பீரங்கி சொந்த ஆளுங்களைக் கொன்னுச்சுன்னு எழுத மனசு வரலைன்னார். ஓடினாங்கன்னு எழுதினா அவருக்கும் நல்லது, அந்தப் பையனுக்கும் நல்லதுன்னு தோணிச்சாம். எங்களைப் பத்தி நினைச்சீங்களான்னு கேட்டேன். இல்லைன்னார். மன்னிப்பு கேட்க வாயெடுத்தார், வேண்டாம்னு சொல்லிட்டேன். அதை வாங்கிக்கிட்டா நான் சும்மா இருக்கணும்.

அப்புறம் என் பேரைக் கூப்பிட்டாங்க. கட்டையை என் கையில குடுத்தே. நீ போட்ட சாக்குக்கட்டிக் குறியைப் பார்த்தேன், கால்வாய்க்கு இந்தப் பக்கம். அன்னிக்கு நீ நகர்த்தி வெச்ச அதே இடம். ரெண்டாவது தடவையும் அங்கேயே வைக்கப் பார்த்தியே, அதுவும் என் கையால.

நான் சூளைக்கு நடுவுல வெச்சேன். நிமிர்த்தித்தான் வெச்சேன். பசை பிடிக்கற வரைக்கும் விரலை எடுக்கலை. எல்லாரும் தப்பா வெச்சுட்டேன்னு நினைச்சுக் கை தட்டலாமா வேண்டாமான்னு முழிச்சாங்க. வேணும்னா உளி வெச்சுப் பெயர்த்து எடுத்துக்கோ. ஏன் எடுக்கறேன்னு கேட்டா என்ன சொல்லுவேன்னு மட்டும் யோசிச்சுக்கோ.

அவர் போனைத் தூக்கிக்கிட்டுச் சூளையிலதான் நின்னிருப்பார். கடைசி ஆள் தாண்டிப் போற வரைக்கும் நகர்ந்திருக்க மாட்டார், அப்புறம்தான் கால்வாய்க்கு வந்து நிதானமா உனக்குப் பேசியிருப்பார். உனக்குத் தெரியும் அவர் அப்படின்னு. அவர் போனுக்குக் காத்திருந்திருக்கலாம்டா நீ.

நீ ஏன் வருஷா வருஷம் அந்தக் கட்டையைக் கவிழ்த்தேன்னு இப்போ புரியுது. நிக்கற கட்டைன்னா அது எங்கே நின்னுச்சு, யார் நகர்த்தினாங்கன்னு யாராவது ஒரு மாணவன் கேட்பான். கவிழ்த்த கட்டையைப் பெட்டியில போட்டுடலாம். ஒருத்தனும் கேட்க மாட்டான். ஒரு நிமிஷத் தப்பு அன்னிக்கு நடந்தது. சண்டையில நடக்கும், நான் நர்ஸ், கை தவறி உசிர் போறதைப் பார்த்திருக்கேன். அதுக்காக உன்னை வெறுத்திருக்க மாட்டேன். அந்தத் தப்பை மறைக்க அவரை ஓட வெச்சியே, வருஷம் தவறாம, விளக்கம் சொல்லிச் சொல்லி ஓட வெச்சியே, அதை எங்கே கொண்டுபோய் வைக்கறதுன்னு எனக்குத் தெரியலை.

உன் மருமகளுக்கு இது எதுவும் தெரியாது. அவ பின்வரிசையில உட்கார்ந்திருந்தா. ஏம்மா சூளையில வெச்சேன்னு கேட்டுக்கிட்டே இருக்கா. மாமா வந்து சொல்லுவார்னு சொல்லியிருக்கேன். நான் சொல்லப்போறதில்லை, என் வாயால உன்னைத் திட்டித்தான் சொல்ல முடியும். அவளுக்கு நீ சொல்லணும். குதிரை, மந்திரின்னு கார்டு போடாதே. தபால்ல வேண்டாம். உன் உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு வரி கூட வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை வா. அவ லேபுக்குப் போக மாட்டா. வாசல்ல செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்லிடு. அதுக்கப்புறம் உன்னை உள்ளே கூப்பிடறதா வேண்டாமான்னு அவ சொல்லட்டும்.

அக்கா